கார்பன்-கார்பன்: கரிக்குள் கரி வைத்த பொருளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 ஏப்ரலில், பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்குக் கார்பன்-கார்பன் நாசில் (எஞ்சினிலிருந்து சூடான வாயு வெளியேறும் விரிகுழல்) செய்திருப்பதாக இஸ்ரோ அறிவித்தது. உலைகளோடு வேலை செய்பவன் என்ற ஒரே காரணத்துக்காக அன்றிலிருந்து என்னிடம் கேள்விகள் வருகின்றன. மைத்துனர் கேட்டார், மாடி வீட்டுப் பொறியியல் மாணவி கேட்டாள், ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சாம்பார் ஊற்றுவதற்குள் மூன்று கேள்வி கேட்டுவிட்டார். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

கார்பன்-கார்பன் என்று ஏன் இரண்டு தடவை சொல்ல வேண்டும்?

உள்ளே இரண்டு கார்பன் இருப்பதால்தான். மண்சுவர் வைக்கிறவர்கள் மண்ணோடு வைக்கோலைப் போட்டு மிதிப்பார்கள். மண் சுவருக்கு உருவம் கொடுக்கும். வைக்கோல் வெடிப்பு ஓடாமல் பிடித்துக்கொள்ளும். இந்தப் பொருளில் வைக்கோலின் இடத்தில் இருப்பது கார்பன் இழை. மண்ணின் இடத்தில் இருப்பதும் கார்பன்தான், இழையாக இல்லாமல் இழைகளுக்கு நடுவே நிறைந்து அவற்றைக் கட்டிப்போடும் கரியாக. அதை இங்கே பிணைப்புக் கரி என்று அழைக்கிறேன்.

ஓர் இழையின் தடிமன் 7 மைக்ரான் அளவு, அதாவது தலைமுடியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான இழைகளைச் சேர்த்து ஒரு புரி, புரிகளை நெய்து துணி, துணிகளை அடுக்கிப் பலகை. ‘கார்பன் இழையால் வலுவூட்டப்பட்ட கார்பன் கூட்டுப்பொருள்’ என்பது பாடப்புத்தகப் பெயர். உலைக்கூடத்தில் ‘சி-சி’ என்று சொன்னால் போதும்.

சைக்கிள், டென்னிஸ் மட்டை, கார் கதவில் வருகிற கார்பன் ஃபைபரும் இதுதானே?

இல்லை. இழை ஒன்றுதான், பிணைப்பு வேறு. சைக்கிளில் இழைகளைப் பிடித்துக்கொண்டிருப்பது எப்பாக்ஸி பிசின், ஒருவகை பிளாஸ்டிக். 150, 200 டிகிரி வந்தாலே அது இளகிவிடும். கார்பன்-கார்பனில் பிளாஸ்டிக் ஒரு துளிகூட மிச்சம் இல்லை. செய்யும்போது பிசின் சேர்ப்பதுண்டு, ஆனால் அதையும் உலையில் வைத்துக் கரியாக்கிவிடுகிறார்கள்.

கரி என்றால் எரியுமே, அது எப்படி வெப்பத்தைத் தாங்கும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதற்குப் பதில் புரிந்துவிட்டால் கீழே இருக்கும் மற்றவை எல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கருவேலங்கட்டையை அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி மூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே பல நூறு டிகிரி வெப்பம் பல நாள் நிற்கிறது. கட்டை சாம்பலாவதில்லை, கரியாகிறது. மண்மூடியில் ஓட்டை விழுந்து காற்று புகுந்துவிட்டால் மட்டும் அந்த இடம் கனிந்து வெள்ளைச் சாம்பலாகிவிடும். அதனால்தான் மூட்டக்காரர் இரவெல்லாம் கண்விழித்து ஓட்டையை அடைத்துக்கொண்டே இருக்கிறார். கரியின் எதிரி வெப்பம் அன்று, காற்றில் உள்ள ஆக்சிஜன்.

ஆக்சிஜன் இல்லாத இடத்தில் கரியைப்போல் வெப்பம் தாங்கும் பொருள் மிகக் குறைவு. சாதாரணக் காற்றழுத்தத்தில் அது உருகுவதே இல்லை. 3,600 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் நேராக ஆவியாகும். இரும்பு 1,538 டிகிரியில் உருகிவிடுகிறது. உருகுவதற்கு வெகு முன்பே, சிவக்கும்போதே, வலிமையை இழந்து தொய்ந்துவிடுகிறது. கார்பன்-கார்பனோ சூடேறச் சூடேற வலுவிழப்பதில்லை. 2,000 டிகிரி அளவில் அறைவெப்பத்தில் இருந்ததைவிடச் சற்றுக் கூடுதல் வலிமையோடு நிற்கிறது. இப்படி நடந்துகொள்ளும் கட்டமைப்புப் பொருளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

காற்றில் வைத்தால் கதை மாறிவிடும். 400, 500 டிகிரியிலேயே அரிப்பு தொடங்கிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை நேரில் பார்த்தேன். உலைக்கு நைட்ரஜன் கொண்டுவரும் குழாயின் ஒரு மூட்டு தளர்ந்திருந்தது, யாரும் கவனிக்கவில்லை. 700 டிகிரியில் இரவு முழுவதும் கிடந்த மாதிரித் துண்டைக் காலையில் எடுத்தோம். வடிவம் மாறவில்லை, விளிம்புகூட மழுங்கவில்லை. கையில் எடுத்தால் தக்கை. எடைபோட்டோம், மூன்றில் ஒரு பங்கு காணவில்லை. நுண்ணோக்கியில் பார்த்தபோது ஒவ்வொரு இழையின் நுனியும் சீவிய பென்சில்போலக் கூராக இருந்தது. இழைக்கும் பிணைப்புக் கரிக்கும் இடையே உள்ள மெல்லிய எல்லை வழியாக ஆக்சிஜன் நுழைந்து, இழையைச் சுற்றிச் சுற்றித் தின்றிருக்கிறது. துண்டை அழுத்தினேன், விரலுக்கிடையே நொறுங்கியது.

அப்படியானால் காற்றில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?

மேலே பூச்சு போடுகிறார்கள். வழக்கமாகச் சிலிக்கன் கார்பைடு. அமெரிக்க விண்வெளி ஓடத்துக்குச் செய்த முறை அழகானது: பூச்சை வெளியிலிருந்து தடவவில்லை. அலுமினா, சிலிக்கன், சிலிக்கன் கார்பைடு மூன்றும் கலந்த பொடிக்குள் பலகையைப் புதைத்து, ஆர்கான் வாயுவில் 1,700 டிகிரிக்கும் மேல் சூடாக்கினார்கள். பலகையின் மேல்தோலில் இருந்த கார்பனே சிலிக்கனோடு சேர்ந்து சிலிக்கன் கார்பைடாக மாறியது. தோல் உடம்பிலிருந்தே வளர்ந்தது என்று சொல்லலாம்.

இதிலும் ஒரு தலைவலி உண்டு. சூட்டில் சிலிக்கன் கார்பைடு விரிவதும் கார்பன்-கார்பன் விரிவதும் ஒரே அளவில் இல்லை. பூச்சு பல மடங்கு அதிகம் விரியும். உலையிலிருந்து குளிர்ந்து வரும்போது அதே அளவு சுருங்கப் பார்க்கும், அடியில் இருப்பது விட்டுக்கொடுக்காது. விளைவு, வெயிலில் காய்ந்த ஏரிக்கரை மண்போல மயிரிழை வெடிப்புகள். அந்த வெடிப்புகளை அடைக்கக் கண்ணாடி போன்ற சிலிக்கேட் கலவையை ஊறவைப்பார்கள். சூட்டில் அது இளகி வெடிப்புக்குள் ஓடி அடைத்துக்கொள்ளும். இந்தத் துறையில் நடக்கும் ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்த வெடிப்புகளை வைத்துத்தான்.

யார் கண்டுபிடித்தது?

ஒரு சோதனை தவறிப்போனதில் கிடைத்தது. 1958-இல் அமெரிக்காவில் சான்ஸ் வாட் விமான நிறுவனத்தின் ஆய்வகத்தில், பிசினும் இழையும் கலந்த ஒரு பொருளில் இழை எவ்வளவு என்று அளக்க முயன்றார்கள். பிசினைக் காற்றில் எரித்துவிட்டு, மிஞ்சும் இழையை எடைபோட வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்குக் காற்று போதாமல் பிசின் எரிவதற்குப் பதிலாகக் கரியாகிவிட்டது. வெளியே வந்த துண்டு எதிர்பாராத வலுவோடு இருந்ததை ஒருவர் தூக்கி எறியாமல் கவனித்தார். காற்று இல்லாததால் பிறந்த பொருள். விண்வெளித் திட்டங்களும் ஏவுகணைத் திட்டங்களும் உடனே அதைப் பிடித்துக்கொண்டன.

எப்படித் தயாரிக்கிறார்கள்? ஏன் இவ்வளவு விலை?

இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்: நாள்கணக்கு.

முதல் வழி திரவ வழி. கார்பன் துணியில் ஃபீனாலிக் பிசினை ஊறவைத்து, அடுக்கி, அழுத்தி, 150 டிகிரி வாக்கில் கெட்டியாக்குவார்கள். பிறகு காற்றில்லாத உலையில் 800 முதல் 1,000 டிகிரி வரை ஏற்றுவார்கள். பிசினில் சரிபாதிக்குச் சற்று மேல் கரியாக நிற்கும். மற்றது நீராவியாகவும் மற்ற வாயுக்களாகவும் வெளியேறும். அந்த வாயு வெளியேற வழி வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் பூரி உப்புவதுபோல அடுக்குகள் பிரிந்து உப்பிவிடும், அதற்குப் பிறகு அதைக் குப்பையில்தான் போட வேண்டும். ஆகவே மணிக்குச் சில டிகிரி என்று நத்தை வேகத்தில் ஏற்றுகிறார்கள். உலை முன்னால் நிற்பவனுக்கு இதைவிடப் பொறுமையைச் சோதிக்கும் வேலை கிடையாது.

வெளியே வரும் துண்டு முழுக்கத் துளை, கடற்பஞ்சு மாதிரி. அந்தத் துளைகளில் மறுபடி பிசினையோ தார்ப்பிசினையோ புகுத்தி மறுபடி கரியாக்க வேண்டும். அதிலும் பாதி போய்விடும், ஆக இன்னொரு முறை. மூன்று, நான்கு, சிலவற்றுக்கு ஆறு சுற்றுகள். இடையில் 2,000 டிகிரிக்கு மேல் ஒரு தடவை சூடாக்கிக் கரியின் அணுக்களைக் கிராஃபைட் ஒழுங்குக்குக் கொண்டுவருவதும் உண்டு.

இரண்டாவது வழி வாயு வழி. இழைகளால் ஆன வெற்று உருவத்தை உலையில் வைத்து, 1,000 டிகிரி அளவில், குறைந்த அழுத்தத்தில் மீத்தேன் போன்ற வாயுவைச் செலுத்துவார்கள். வாயு உடைந்து, அதிலுள்ள கார்பன் ஒவ்வொரு இழைமீதும் மெல்லிய தோலாகப் படியும். அடுப்பின் மேலே கூரையில் கரி படிவதுபோலத்தான், ஆனால் மிக ஒழுங்காக. இதற்கு நூற்றுக்கணக்கான மணிநேரம் ஆகும். வேகப்படுத்தினால் வெளிப்புறத் துளைகளின் வாய் முதலில் அடைபட்டு, உள்ளே காலியாகவே நின்றுவிடும். அதனால் நடுவே உலையை நிறுத்தி, மேல்தோலைக் கடைந்தெடுத்துவிட்டுத் துளைகளைத் திறந்து, மீண்டும் உலைக்குள் வைப்பார்கள். விமான பிரேக் வட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகின்றன. ஒரு வட்டு தொழிற்சாலைக்குள் நுழைந்து வெளியேற மாதங்கள் பிடிக்கும். அந்த மாதங்களுக்கான மின்கட்டணத்தை யாராவது கட்ட வேண்டுமே.

வெறும் கிராஃபைட் கட்டியைக் கடைந்து வைத்துக்கொண்டால் ஆகாதா?

பல இடங்களில் ஆகும்; மலிவும்கூட. ஆனால் கிராஃபைட் சாக்கட்டி மாதிரி, ஒரு வெடிப்பு தொடங்கினால் மறுமுனை வரை ஓடிவிடும். கார்பன்-கார்பனில் வெடிப்பு ஓர் இழையைச் சந்தித்ததும் திசை மாறும், நிற்கும், இழை பிய்ந்து வரும்போது ஆற்றலை இழக்கும். உடைவதற்கு முன் எச்சரிக்கை கொடுக்கிற பொருள். இதற்கும் பலவீனம் உண்டு: துணி அடுக்குகளுக்கு இடையே பிடிப்பு குறைவு. புத்தகத்தின் தாள்களைப்போல அடுக்கு அடுக்காகப் பிரியப் பார்க்கும். அதனால் அடுக்குகளை ஊசியால் குத்தி இழைகளை மேலும் கீழும் கோப்பதும், முப்பரிமாணமாகவே நெய்வதும் வழக்கம்.

கொலம்பியா விண்வெளி ஓடம் விபத்துக்குள்ளானது இந்தப் பொருளால்தானா?

இந்தப் பொருளில் விழுந்த ஓட்டையால். பொருளின் மேல் பழி போடலாமா என்பது வேறு.

விண்வெளி ஓடம் பூமிக்குத் திரும்பும்போது மிக அதிகமாகச் சூடேறும் இடங்கள் மூக்கும் இறக்கைகளின் முன்விளிம்பும். உடலின் மற்ற இடங்களில் ஓடுகள் போதும். 1,260 டிகிரிக்கு மேல் போகிற இந்த இடங்களுக்குக் கார்பன்-கார்பன் பலகைகள். ஒவ்வோர் இறக்கைக்கும் 22, தடிமன் வெறும் 6 முதல் 13 மில்லிமீட்டர். அவற்றுக்குப் பின்னால் இருந்தது அலுமினியச் சட்டம்.

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா கிளம்பி ஏறத்தாழ 82 விநாடியில், வெளித்தொட்டியிலிருந்து பிய்ந்த ஒரு நுரைத்துண்டு இடது இறக்கையில் மோதியது. எடை முக்கால் கிலோ அளவுதான். வேகம் மணிக்குச் சுமார் 800 கிலோமீட்டர். ‘நுரைதானே’ என்ற எண்ணம் பலருக்கு இருந்தது. பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும்போது, 8-ஆம் பலகையின் உடைசலுக்குள் கொதிக்கும் வாயு புகுந்து அலுமினியத்தை உருக்கியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள்.

விசாரணையின்போது 2003 ஜூலை 7 அன்று டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் ஒரு சோதனை நடந்தது. ஏற்கெனவே விண்ணுக்குப் போய்வந்த உண்மையான 8-ஆம் பலகையை நிறுத்தி, அதே அளவு நுரையை வாயுத் துப்பாக்கியால் சுட்டார்கள். ஒரு மனிதன் தலையை நுழைக்கக்கூடிய அளவுக்கு, சுமார் 40 சென்டிமீட்டர் அகலத்தில் ஓட்டை விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதிர்ந்துபோனார்கள்.

என் கருத்தைக் கேட்டால், வெப்பம் தாங்க வேண்டும் என்று கேட்டார்கள், அது தாங்கியது. மோதல் தாங்க வேண்டும் என்று வடிவமைத்த காலத்தில் அநேகமாக யாரும் கேட்கவே இல்லை. அரை அங்குலப் பலகையிடம் கேட்காத ஒன்றை எதிர்பார்த்தது யார் குற்றம்?

இதே பலகைகளில் இன்னொரு சின்னச் சிக்கலும் இருந்தது, அதிகம் பேசப்படாதது. பல பயணங்களுக்குப் பிறகு பூச்சில் ஊசிமுனைத் துளைகள் தென்பட்டன. தேடிப்பார்த்தால், ஏவுதளத்தின் இரும்புச் சட்டங்களில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய வண்ணத்திலிருந்து துத்தநாகம் மழையில் கரைந்து பலகைமேல் சொட்டியிருக்கிறது. விண்ணிலிருந்து திரும்பும் சூட்டில் அந்தத் துத்தநாகம் பூச்சைத் துளைத்திருக்கிறது. விண்வெளியைத் தாங்கும் பொருளுக்குப் பெயிண்ட் எதிரியாக வந்தது.

விமான பிரேக்கில் இதற்கு என்ன வேலை?

உலகில் செய்யப்படும் கார்பன்-கார்பன் ராக்கெட்டைவிட விமான பிரேக்குக்குத்தான் அதிகம் போகிறது. நீங்கள் விமானத்தில் போயிருந்தால் ஏற்கெனவே இந்தப் பொருளை நம்பி உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 65 டன் எடையுள்ள விமானம் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபாதையில் ஓடுகிறது. அதன் இயக்க ஆற்றல் 150 மெகாஜூலுக்கும் மேல்; அரை டன் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. இறங்கும்போது காற்றின் தடையும் எஞ்சினின் எதிர்விசையும் அதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். ஆனால் கிளம்பும் ஓட்டத்தில் கடைசி நொடியில் நிறுத்த வேண்டிவந்தால் கிட்டத்தட்ட எல்லாமே பிரேக் வட்டுகளின் தலையில் விழும். புது விமானத்துக்கு அனுமதி வழங்கும் முன் இதைச் செய்து காட்டியாக வேண்டும், அதுவும் நன்றாகத் தேய்ந்த பிரேக்கோடு. சக்கரங்களுக்குள் வட்டுகள் ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருக்க, டயர் வெடிக்காமல் காற்று இறங்குவதற்காக வைத்த உருகுமுளைகள் ஒவ்வொன்றாக உருகி டயர்கள் தட்டையாகும். தீயணைப்பு வண்டி ஐந்து நிமிடம் கைகட்டி நிற்க வேண்டும் என்பது விதி.

கரி இங்கே இரண்டு வகையில் கைகொடுக்கிறது. அடர்த்தி எஃகில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு கிலோவுக்கு எஃகைவிட இரு மடங்குக்கும் மேல் வெப்பத்தை உள்வாங்கும். போயிங் 737-800 விமானத்தில் எஃகு பிரேக்கை எடுத்துவிட்டுக் கார்பன் வைத்தால் சுமார் 320 கிலோ மிச்சமாகிறது. பெட்டிகளோடு மூன்று பயணிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பயணத்திலும். பயணிகள் விமானங்களில் இதற்கு வழி திறந்தது கான்கார்டு.

விமானிகளுக்கு இது ஒரு புதுப் பழக்கத்தையும் கற்றுக்கொடுத்தது. எஃகு பிரேக்கை மென்மையாக, விட்டுவிட்டு அழுத்துவது நல்லது. கார்பன் பிரேக் தேய்வது எவ்வளவு பலமாக அழுத்தினோம் என்பதைப் பொறுத்ததன்று, எத்தனை தடவை அழுத்தினோம் என்பதைப் பொறுத்தது. எனவே ஒரே தடவை உறுதியாக அழுத்திவிட்டுக் காலை எடுத்துவிட வேண்டும். தரையிறங்குவதைவிட, தரையில் ஊர்ந்து போகும்போது அடிக்கடி தொட்டுத் தொட்டு நிறுத்துவதில்தான் அதிகம் தேய்கிறது. இரவெல்லாம் ஈரக்காற்றில் நின்ற விமானத்தின் பிரேக், காலையில் முதல் அழுத்தலுக்குச் சற்று மந்தமாக இருக்கும். ஈரம் ஏறிய கரிக்கு உராய்வு குறைவு. சூடேறியதும் சரியாகிவிடும்.

குளிர்நாடுகளில் வேறொரு தொல்லை. ஓடுபாதையில் பனியை உருக்கத் தெளிக்கும் பொட்டாசியம் உப்புகள் பிரேக் வட்டின் துளைகளில் ஊறுகின்றன. பொட்டாசியம் கரியின் எரிதலுக்கு ஊக்கி. வழக்கமாகத் தாங்குகிற வெப்பத்துக்கும் கீழேயே வட்டு அரிக்கத் தொடங்கிவிடுகிறது. மறுபடியும் ஆக்சிஜன்தான், இந்த முறை கூட்டாளியோடு.

ஃபார்முலா 1 காரில் சிவப்பாகக் கனல்வது இதுதானா? என் காரில் மாட்டலாமா?

இதுதான். 1976 வாக்கில் பிரபாம் அணி கொண்டுவந்தது. 1,000 டிகிரி வரை போகும்.

உங்கள் காரில் மாட்டக் கூடாது. குளிர்ந்த கார்பன்-கார்பன் சரியாகப் பிடிக்காது. 400 டிகிரி அளவுக்கு வந்தால்தான் கடிக்கும். காலையில் தெருமுனையில் குழந்தை குறுக்கே ஓடும்போது உங்கள் பிரேக் 35 டிகிரியில் இருக்கும். விலையுயர்ந்த சாலைக் கார்களில் ‘கார்பன் செராமிக்’ என்று விற்பது வேறு பொருள். கார்பன் உருவத்துக்குள் உருகிய சிலிக்கனைப் புகுத்தி, பிணைப்பைச் சிலிக்கன் கார்பைடாக மாற்றியது. அது குளிரிலும் பிடிக்கும்.

இந்தியாவில் செய்கிறோமா?

செய்கிறோம், அதுவும் கொஞ்ச காலமாக. 1989 மே 22 அன்று பறந்த அக்னி ஏவுகணைக்காக ஹைதராபாத் பாதுகாப்பு ஆய்வகங்களில் கார்பன்-கார்பன் மூக்கு உருவானது. வெளிநாட்டிலிருந்து வாங்க வழி இல்லை. ராக்கெட்டுக்கான கார்பன்-கார்பன் பாகங்கள், ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டுக்கென 1987-இல் நாடுகள் சேர்ந்து போட்ட ஏற்பாட்டின் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கின்றன.

அப்துல் கலாம் தன் பேச்சுகளில் அடிக்கடி சொன்ன ஒரு நிகழ்ச்சி இங்கே பலருக்கும் நினைவிருக்கும். ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் ஆய்வகத்துக்கு வந்து இந்தப் பொருளைத் தூக்கிப் பார்த்து, அதன் எடைக் குறைவைக் கண்டு வியந்து, கலாமைத் தன் மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். அங்கே போலியோ பாதித்த குழந்தைகள் மூன்று கிலோவுக்கும் மேலான உலோகக் காலிப்பர்களை (காலைத் தாங்கிப் பிடிக்கும் சட்டங்களை) இழுத்துக்கொண்டு நடந்தார்கள். மூன்று வாரத்தில் 300 கிராம் காலிப்பர் தயாரானது. குழந்தையின் காலுக்கு 2,000 டிகிரி தாங்கும் திறமை தேவையில்லை. தேவைப்பட்டது எடைக் குறைவு மட்டும்.

இனி இஸ்ரோவின் நாசில். பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் கட்டத்தில் இரண்டு எஞ்சின்கள். அவற்றின் விரிகுழல் அதுவரை கொலம்பியம் கலவையால் ஆனது (நயோபியத்தின் பழைய பெயர் கொலம்பியம்). இந்த உலோகம் கார்பன்-கார்பனைப்போல ஐந்து மடங்கு கனம். திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் அதே குழலைக் கார்பன்-கார்பனில் செய்து, சிலிக்கன் கார்பைடு பூச்சும் போட்டது. எடை 67 விழுக்காடு குறைந்தது. சோதனை நடந்தது நம் மகேந்திரகிரியில்: 2024 மார்ச் 19 அன்று 60 விநாடி, ஏப்ரல் 2 அன்று 200 விநாடி. குழலின் வெப்பம் 1,216 கெல்வின், அதாவது சுமார் 943 டிகிரி செல்சியஸ் வரை போனது.

பூச்சு ஏன் என்று கேட்பவர்கள் உண்டு, விண்ணில்தான் காற்று இல்லையே என்று. எஞ்சினின் புகையிலேயே நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் இருக்கின்றன. கனன்ற கரியை அவையும் தின்னும்.

இதனால் ராக்கெட் சுமக்கும் எடை 15 கிலோ வரை கூடும் என்கிறது இஸ்ரோ. ‘இவ்வளவு பாடுபட்டு 15 கிலோதானா’ என்று பந்தியில் கேட்டவர் உதட்டைப் பிதுக்கினார். முதல் கட்டத்தில் 15 கிலோ குறைத்தால் அதனால் பெரிய பலன் இல்லை, அது பாதி வழியிலேயே கழன்று விழுந்துவிடுகிறது. நான்காம் கட்டமோ செயற்கைக்கோளோடு சுற்றுப்பாதை வரை போகிறது. அங்கே ஒரு கிலோ குறைத்தால் ஒரு கிலோ செயற்கைக்கோளுக்குக் கிடைக்கும், அப்படியே. மாணவர்கள் செய்யும் குட்டிச் செயற்கைக்கோள்கள் சில அந்த 15 கிலோவுக்குள் அடங்கிவிடும்.

சூரியனுக்குப் பக்கத்தில் போன விண்கலத்திலும் இருக்கிறதாமே?

ஆம், பார்க்கர் விண்கலம், 2018 ஆகஸ்ட் 12 அன்று கிளம்பியது. அதன் கேடயம் 2.4 மீட்டர் அகலம், 11 சென்டிமீட்டர் தடிமன். இரண்டு கார்பன்-கார்பன் தகடுகளுக்கு நடுவே, 97 விழுக்காடு வெற்றிடமான கார்பன் நுரை. எடை 73 கிலோ அளவு, ஓர் ஆள் எடைதான். 2024 டிசம்பர் 24 அன்று சூரியனிலிருந்து 61 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் அது கடந்து போனது. முன்பக்கத்தை 1,400 டிகிரி வாக்கில் தாங்குமாறு வடிவமைத்திருக்கிறார்கள். பின்பக்க நிழலில் கருவிகள் நம் ஊர் மார்கழிப் பகல் வெப்பத்தில் இருக்கின்றன. அங்கே காற்று இல்லை, ஆக்சிஜன் கவலை இல்லை. கவலை கறுப்பு நிறம். கறுப்பு வெயிலைக் குடிக்கும். ஆகவே கேடயத்தின் முகத்தில் வெள்ளைச் செராமிக் பூச்சு, மொட்டைமாடிக்கு வெள்ளையடிப்பதைப்போல.

தொழிற்சாலைகளில் பயன் உண்டா?

நிறைய. சூரிய மின்தகட்டுக்கும் கணினிச் சில்லுகளுக்கும் வேண்டிய சிலிக்கன் படிகத்தை 1,414 டிகிரிக்கு மேல் உருகிய குழம்பிலிருந்து இழுக்கிறார்கள். குழம்பு இருக்கும் குவார்ட்ஸ் பானையைத் தாங்கும் கிண்ணம், சூடாக்கும் கம்பி, கவசம் எனப் பலவும் கார்பன்-கார்பனில் வருகின்றன.

வெற்றிட உலைகளில் பாகங்களை அடுக்கும் தட்டுகளும் இதில் கிடைக்கின்றன. எஃகுத் தட்டுகள் சில மாதத்தில் கோணிப்போகும், இவை கோணா. ஆனால் புதிதாக வாங்குபவர்கள் ஒரு பாடத்தைக் காசு கொடுத்துப் படிப்பதைப் பார்த்திருக்கிறேன்: 1,100 டிகிரிக்கு மேல் எஃகுப் பாகத்தை நேராகக் கார்பன் தட்டில் வைக்கக் கூடாது. எஃகு கார்பனை உறிஞ்சும். உறிஞ்சிய இரும்பு 1,150 டிகிரி அருகிலேயே உருகிவிடும். உலையைத் திறந்தால் பாகமும் தட்டும் ஒட்டி ஒன்றாகிக் கிடக்கும். நடுவே செராமிக் வில்லைகள் வையுங்கள்.

பழையதை மறுபடி பயன்படுத்தலாமா?

பிரேக் வட்டுகளில் முடியும். தேய்ந்த இரண்டு வட்டுகளைச் சரியான தடிமனுக்குக் கடைந்து ஒன்றாகச் சேர்த்து ஒரே வட்டாக்குகிறார்கள். மாதக்கணக்கில் உலையில் கிடந்த பொருளைக் குப்பையில் போட யாருக்கு மனம் வரும்?

தூசி ஆபத்தா?

அறுக்கும்போதும் கடையும்போதும் வரும் தூசியைச் சுவாசிக்கக் கூடாது. முகக்கவசமும் உறிஞ்சு குழாயும் கட்டாயம். தோலில் பட்டால் அரிப்பு. அதைவிட அடிக்கடி நடப்பது மின்சேதம்: கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், தூசி மின்பலகைக்குள் புகுந்தால் குறுக்குச்சுற்று. கடைசல் எந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியை அடைத்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

கையில் இருப்பது உண்மையான கார்பன்-கார்பன்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எடைபோட்டு அடர்த்தி பாருங்கள். கன சென்டிமீட்டருக்கு 1.5 முதல் 1.9 கிராம் வரை இருக்கும். எப்பாக்ஸி சேர்ந்த கார்பன் ஃபைபரும் கிட்டத்தட்ட இதே அளவுதான் காட்டும், எனவே இது மட்டும் போதாது. பளபளப்பாக, கண்ணாடிபோல மேற்பரப்பு மின்னினால் அநேகமாகப் பிசின்தான். கார்பன்-கார்பன் மங்கலாக, பென்சில் முனையின் சாம்பல் கறுப்பில் இருக்கும். விரலில் லேசாகக் கறை ஒட்டும். வெட்டுமுகத்தில் துணி அடுக்குகள் வரிவரியாகத் தெரியும், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்தால் சின்னச் சின்னத் துளைகளும். ஓரத்தை ஒரு விநாடி நெருப்பில் காட்டுங்கள். பிசின் என்றால் புகையும் நாற்றமும் வரும். கார்பன்-கார்பன் என்றால் எதுவும் வராது, முனை சிவக்கும், நெருப்பை எடுத்ததும் மறுபடி கறுப்பாகிவிடும். ஒரு விநாடிக்கு மேல் காட்டாதீர்கள். நீங்கள் சோதிப்பது காற்றில்.